நல்லெண்ண அலையும் சோற்றுப் பொட்டலமும்

1993 கோடையில் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் சுமார் 4,000 பேர் கூடி, குற்றங்கள் குறையட்டும் என்று தியானத்தில் அமர்ந்தார்கள். குறைந்துவிட்டதாக அவர்கள் தரப்பே அறிக்கையும் விட்டது. மறு ஆண்டு அதற்குக் கேலிப் பரிசான இக்நோபல் கிடைத்தது. கண்ணை மூடியே காரியம் முடியுமென்றால், ரோந்துப் போலீசுக்குப் பாய் விரித்துக் கொடுத்தால் போதுமே! ‘மனம் தெளியாமல் செய்யும் தொண்டு வெறும் விளம்பரம்’ என்பார்கள் தியானப் பிரியர்கள். நியாயம்தான். ஆனால் தெளிந்த மனத்துக்கும் கை கால் உண்டல்லவா? தியானத்தில் யாருக்கும் இளைக்காத வள்ளலார், 1867இல் வடலூரில் முதலில் மூட்டியது, பசித்தவர்களுக்குச் சோறிடும் தருமசாலையின் அடுப்பை. வழிபாட்டுக்கான சத்திய ஞானசபையைத் திறந்தது 1872இல்தான். அடுப்பு இன்னும் அணையவில்லை. ஆகவே, பசித்தவர்களுக்கு நல்லெண்ண அலைகளை அனுப்புகிறவர்கள் தாராளமாக அனுப்பட்டும். கூடவே ஆளுக்கொரு சோற்றுப் பொட்டலமும் அனுப்பினால் அலைகள் ஒன்றும் கோபித்துக்கொள்ளப்போவதில்லை.