எத்தனை சுற்று?

ஏரியல் ட்யூன் ஆகவில்லை என்றாலும் சரி, பேட்டரி இறங்கிப்போனாலும் சரி, இந்த ஹாம் ரேடியோக்காரரிடம் ஒரே கேள்விதான்: "ஓஎம், சோக் போட்டீங்களா?" ஹாம்களுக்குள் எல்லோரும் ஓஎம்தான். இல்லை என்றால் துக்கம் விசாரிப்பார். போட்டாயிற்று என்றால் "எத்தனை சுற்று?" என்பார். எந்த எண்ணைச் சொன்னாலும் இரண்டு குறைகிறது. தன் வீட்டு சோக்கின் ஃபெரைட் வளையத்தையும் அவர் சும்மா விடுவதில்லை. நேற்று சுற்றிய கேபிளை இன்று பிரித்து, ஒரு சுற்று கூட்டிக் கட்டிக்கொண்டிருப்பார். வளையம் 31-ஆம் ரகமா 43-ஆம் ரகமா என்ற சந்தேகம் தனி. இரண்டும் ஒரே கறுப்பு, பார்த்துச் சொல்ல முடியாது.

அவர் தொடங்குகிற இடம் சரியானதுதான். டைபோல் ஏரியலின் நடுவில் கோஆக்ஸ் கேபிளை நேராகக் கட்டினால், மின்னோட்டத்தில் ஒரு பங்கு கேபிளின் வெளியுறை மேலேயே இறங்கி வரும், கேபிளும் ஏரியலாகிவிடும். மைக்கில் உதடு பட்டால் சுரீர் என்னும். எல்இடி விளக்கும் சார்ஜரும் போடும் இரைச்சல் அதே வழியாக ரிசீவருக்குள் ஏறும். வளையத்தில் கேபிளைச் சுற்றிவிட்டால் உள்ளே போகிற சிக்னலுக்குச் சேதமில்லை, வெளியே ஓடுவது மட்டும் தடைபடும்; இதுதான் சோக். சுற்று இரட்டித்தால் இண்டக்டன்ஸ் நான்கு மடங்கு என்பதும் உண்மை. இந்தப் பாதிப் பாடம் அவருக்கு மனப்பாடம். சுற்றுகள் நெருங்க நெருங்க அவற்றுக்கிடையே கெபாசிட்டன்ஸ் வளர்ந்து, ஓர் அதிர்வெண்ணுக்கு மேல் தடை சரியத் தொடங்கும் என்ற மறுபாதிதான் ஏறுவதில்லை. 7 மெகாஹெர்ட்ஸுக்காகச் சேர்த்த சுற்று 28-இல் காலை வாரும். வாரினால் என்ன, 28-க்கு இன்னொரு சோக் செய்வார்.

அளந்து பார்த்துத்தானே செய்கிறார் என்று அவருக்காக வாதாடுகிறவர்கள் உண்டு. அளக்கிறார், மறுக்கவில்லை. ஜிம் பிரவுன் என்ற அமெரிக்க ஹாம் பரிந்துரைத்த 5000 ஓம் தடை அவருக்கு வேதவாக்கு. கருவியில் 4800 தெரிந்தால் அன்றிரவு தூக்கம் போச்சு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அரை டெசிபெல்கூட இல்லை. சிக்னல் வலிமை காட்டும் எஸ்-மீட்டரில் ஒரு படி ஏறவே 6 டெசிபெல் வேண்டும். போதாததற்கு, 50 ஓமுக்கு அருகில்தான் துல்லியமாக அளக்கும் கருவியைக் கொண்டு ஆயிரக்கணக்கான ஓமை எதிரொலிப்பில் அளந்தால், வளையத்தைப் பிடித்திருக்கும் கிளிப்பை நகர்த்தினாலே எண் மாறிவிடும்.

பொழுதுபோக்குதானே, யாருக்கு நஷ்டம் என்றும் கேட்கலாம். புதிதாக வருகிறவனுக்கு விலையுயர்ந்த வளையத்தைச் சும்மா தூக்கிக் கொடுக்கிற மனசு அவருக்கு உண்டு. மறுவாரமே சுற்றை எண்ணிப் பார்க்க வந்துவிடுவார் என்பது வேறு விஷயம். ஆனால் பரீட்சை எழுதி, லைசென்ஸும் அழைப்புக்குறியும் வாங்கிய மனிதரின் குரலை 40 மீட்டர் அலைவரிசையில் ஒருவரும் கேட்டதில்லையே! வளையத்தில் கேபிள் சுற்ற அரசாங்கம் லைசென்ஸ் கேட்பதில்லை, பேசத்தான் கேட்கிறது. ஓஎம், இருக்கிற 12 சுற்று போதும். மைக்கை எடுங்கள்.