இடுப்புக்குக் கீழே ஒரு பாக்கெட்

வா கண்ணு, உக்காரு. மெர்ச்சண்டைசர் தொரைக்கு அப்புச்சி ஊட்டுத் திண்ணை இன்னைக்குத்தான் கண்ணுல பட்டுதாக்கும். ஆட்டுக்குத் தழை போட்டுட்டு வர்றேன், அதுக்குள்ள அந்த சாம்பிளைப் பையிலிருந்து எடு.

ம்... பொம்பளைப் பிள்ளைக சட்டை. சிங்கிள் ஜெர்சி, நூத்துக்கு நூறு காட்டன், காலர் வெச்சு நெஞ்சுல மூணு பட்டன். அமெரிக்காவுக்குப் போகுது. சரி, ஹெச்.எஸ். கோடு என்ன? "அதெல்லாம் டாக்குமென்ட் செக்சன்ல பாத்துக்குவாங்க"ங்கிறே. வரி கட்டறவன் அந்த ஊர்க்காரன்தானேன்னு தெனாவெட்டு. அவன்தான் கட்டறான், இல்லைங்கல. கட்டற காசை யாரு பீஸ் ரேட்டுல கழிச்சுட்டுக் கட்டறான்னு உன்ற முதலாளியைக் கேளு.

பிரசல்ஸ்ல இருக்கற உலகச் சுங்க அமைப்பு போட்ட ஹெச்.எஸ். பொஸ்தகம் 1988-ல இருந்து நடப்புல இருக்குது. மொதல் ஆறு எண்ணு எல்லா ஊருக்கும் ஒண்ணு. அதுக்கு மேல நாம எட்டுல நிக்கறோம், அமெரிக்காக்காரன் பத்து வரைக்கும் போறான். பின்னுன துணியில தெச்சா 61-ஆம் அத்தியாயம், தறியில நெஞ்ச துணின்னா 62. உன்ற சட்டை 6106. அங்க காட்டனுக்கு அடிப்படை வரி 19.7 சதம். காலரையும் பட்டனையும் கழட்டிப் போட்டு டி-சர்ட்டா அனுப்புனா 6109, வரி 16.5. அஞ்சு டாலர் சட்டை பத்தாயிரம் போனா 1,600 டாலர் வித்தியாசம். உன்ற பட்டனுக்கு அம்புட்டு மவுசு! (2025 ஆகஸ்ட்டுல நம்ம சரக்கு மேல 50 சதம் ஏத்துனாங்களே, அது வேற வவுத்தெரிச்சல். அதை இதுல சேக்காதே.)

பையர் காலரை விடமாட்டான்னா, இடுப்புக்குக் கீழ ஒரு பாக்கெட் வை. இல்லாட்டி அடியில இறுக்கிப் புடிக்கற மாதிரி ரிப் வை. ரெண்டுல எது இருந்தாலும் அது 6106 கிடையாதுன்னு அந்த அத்தியாயத்துக் குறிப்பிலயே எழுதியிருக்குது. 6110-க்குப் போயிரும், அங்கயும் 16.5. சிரிக்காதே. கொலம்பியான்னு ஒரு அமெரிக்கக் கம்பெனி, பொம்பளைக செயற்கை நூல்ல நெஞ்ச சட்டையில உதட்டுத் தைலக் குப்பி போற அளவுக்கு ஒரு குட்டிப் பாக்கெட்டை இடுப்புக்குக் கீழ வெச்சுது. 26.9 சதம் 16 ஆயிருச்சு. ஒரு முழம் துணிகூடச் செலவில்ல. நீ படிச்ச ஃபேஷன் காலேஜ்ல இந்த டிசைனைச் சொல்லித் தந்தாங்களா?

அதுக்காக வெச்சுத் தெச்சு, துறைமுகம் தாண்டுனதும் பிரிச்சுக்கலாம்னு நெனைக்காதே. ஃபோர்டு கம்பெனி அப்படித்தான் சரக்கு வேனுக்குப் பின்சீட்டு மாட்டி இறக்குச்சு. பயணி வண்டின்னா 2.5 சதம், சரக்கு வண்டின்னா 25. இறக்குன கையோட சீட்டைக் கழட்டிக் கடாசுனாங்க. 2019-ல மேல்முறையீட்டுல தோத்து, 2024-ல 36.5 கோடி டாலர் கட்ட ஒத்துக்கிட்டாங்க. உன்ற முதலாளிகிட்ட அம்புட்டு இருக்குதா, கேட்டுப் பாரு.

என்ன முணுமுணுக்கறே, நைட்டின்னு எழுதிட்டா 8.5 தானா? அடேங்கப்பா, பேரன் தேறிட்டான். நீ எழுதுற பேரை அந்த ஊர்ச் சுங்கக்காரன் பாக்க மாட்டான் கண்ணு, எதுக்குன்னு தெச்சே, எப்படி விக்கறேன்னு பாப்பான். வீட்டுல சும்மா உக்காந்திருக்கப் போடறது தூங்கப் போடற உடுப்பாகாதுன்னு நியூயார்க்ல இருக்கற அவங்க வணிகக் கோர்ட்டு 1997-லயே சொல்லிருச்சு. காலர் வெச்சு நைட்டியா? எந்த மகராசி அதைப் போட்டுட்டுத் தூங்குவா?

நூலையும் பாரு. பஞ்சும் பாலியெஸ்டரும் பாதிக்குப் பாதின்னு சத்தியவானாட்டம் கலந்துராதே. எடையில எது கூடவோ அது பேர்ல வரி. ரெண்டும் சமம்னா வரிசையில கடைசியா வர்றது ஜெயிக்கும். பஞ்சு 52-ஆம் அத்தியாயம், பாலியெஸ்டர் அதுக்கப்புறம், அதனால 32 சதம். 52-க்கு 48-ன்னு பஞ்சைக் கூட்டுனா 19.7-லயே நிக்கும்.

அப்புறம் இந்த மூணு பட்டன். வலது பக்கம் மேல வந்தா பொம்பளைச் சட்டை, இடது பக்கம் மேல வந்தா ஆம்பளைச் சட்டை. ரெண்டும் தெரியாத உடுப்பெல்லாம் பொம்பளைக் கணக்குலதான் போகும். ஆம்பளைகளுக்கு இதுல ஒரு மனத்தாங்கல் உண்டு. தோல் கையுறைக்கு ஆம்பளைக்கு 14 சதம், மத்தவங்களுக்கு 12.6-ன்னு இருந்ததை டோட்ஸ்-ஐசோடோனர் கம்பெனி பாகுபாடுன்னு கோர்ட்டுக்குக் கொண்டுபோச்சு. 2010-ல தள்ளுபடி. ஜட்டிக்குப் பாரு, காட்டனுக்கு ஆம்பளைக்கு 7.4, பொம்பளைக்கு 7.6. அதுக்கு யாரு சண்டை போடறது?

உன்ற அம்மாயிகிட்ட மட்டும் ஒண்ணு சொல்லிராதே. நம்ம நாட்டு டாரிஃப்ல காட்டன் சீலை உடுப்பு அத்தியாயத்துலயே இல்ல, 5208-ல துணியோட துணியாக் கெடக்குது. இத்தனை வருசமா உடுத்துனது உடுப்பே இல்லையான்னு என்ற மேலதான் பாய்வா.

சரி, எந்திரி. வெட்டறதுக்குத் துணியை லே விரிச்சுட்டாங்களா? இன்னும் இல்லையா? அப்ப போனை எடுத்துக் கட்டிங் மாஸ்டரை நிறுத்தச் சொல்லு. ரிப்பா, பாக்கெட்டான்னு இன்னைக்கு ராத்திரியே பையருக்கு மெயில் போடு. பாக்கெட்டுன்னா கை போற அளவுக்கு வை. கொலம்பியாக்காரனாட்டம் கஞ்சத்தனம் பண்ணாதே, போடறவ பாவம், போனாச்சும் வெச்சுக்கட்டும்.