ஏக சாட்சி

கல்கத்தாவின் பழைய தெருக்களில், பொழுது சாயும் வேளையில் வாசல் திண்ணைகளில் கூடும் பெரியவர்களின் சபையை ஒரு மூலையில் உட்கார்ந்து கவனித்தவர்களுக்கு, நான் இங்கே சொல்லப்போகும் மனிதரை அறிமுகம் செய்துவைக்க வேண்டிய அவசியமே இராது. தேநீர் மண்குவளைகள் காலியாகி, அரசியல் அலசப்பட்டு, மீன் விலை கண்டிக்கப்பட்டு, பேச்சு எப்படியும் போய்ச் சேர வேண்டிய கால்பந்தில் போய்ச் சேர்ந்த பிறகு, மற்றவர்கள் எல்லோரும் தொண்டை வறளத் தர்க்கம் செய்துகொண்டிருக்கையில், அவர் மட்டும் குடையின் வளைந்த பிடியின்மேல் மோவாயை ஊன்றிக்கொண்டு, ‘இன்னும் ஏதாவது பாக்கி இருக்கிறதா?’ என்று கேட்கிறாற்போன்ற ஒரு புன்சிரிப்புடன் மௌனமாக வீற்றிருப்பார். சபை களைத்து ஓய்ந்ததும் மெல்லத் தொண்டையைச் செருமிக்கொண்டு, “அதெல்லாம் சரி, ஆரியன் அணியோடு மழையில் ஆடினோமே, அந்த லீக் ஆட்டம் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?” என்பார். ஒருவருக்கும் இராது. அதுதான் அவருக்கு வேண்டியது.

அவர் ஈஸ்ட் பெங்கால் அபிமானி. தகப்பனார் காலத்தில் டாக்கா பக்கத்திலிருந்தோ பரிசால் பக்கத்திலிருந்தோ வீடு வாசலை விட்டுவிட்டு வந்து குடியேறிய குடும்பம். 1920-இல் தோன்றிய அந்தச் சங்கத்தின் சிவப்பும் பொன்னிறமும் தவிர வேறு வர்ணங்கள் உலகத்தில் இருப்பதை அவர் வேண்டாவெறுப்பாகத்தான் ஒப்புக்கொள்வார். அந்தச் சங்கம் ஜெயித்த மாலையில் ஹில்ஸா மீனும், பரம வைரியான மோஹன் பகான் ஜெயித்த மாலையில் இறாலும் விலை ஏறும் என்பது ஊரறிந்த பொருளாதார சாஸ்திரம். ஆகவே, 1975-ஆம் வருஷம் செப்டம்பர் 30-ஆம் தேதி ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதி ஆட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் மோஹன் பகானை ஐந்துக்குப் பூஜ்யம் என்று முறியடித்த வரலாற்றை எடுத்தால் அவர் பூரித்துப்போவார் என்றுதான் நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். அவரோ முகத்தைச் சுளிப்பார். அந்த ஆட்டத்தை நேரில் பார்த்ததாகச் சத்தியம் செய்கிறவர்கள் அனைவருக்கும் இடம் கொடுப்பதானால், மைதானம் கங்கையைத் தாண்டி ஹௌரா ஸ்டேஷன் வரையில் நீள வேண்டியிருக்கும் என்பது அவருடைய கணக்கு. அந்தக் கணக்கில் தப்பு இருப்பதாக எனக்கும் தோன்றவில்லை. 1977-இல் பெலே தம்முடைய காஸ்மாஸ் அணியுடன் வந்து, ஈடன் தோட்டத்துச் சேற்றில் மோஹன் பகானோடு இரண்டுக்கு இரண்டு என்று சமமாக ஆடிவிட்டுப் போனாரே, அதைப் பற்றியும் அவருக்கு இதே அபிப்பிராயம்தான். “பெலேயைப் பார்க்காதவன் இந்த ஊரில் எவன்? பிறவாத பிள்ளைகூடப் பார்த்திருக்கிறது. அந்த வருஷம் லீக்கை ஜெயித்தது யார், அதைச் சொல்லும்!” என்று மடக்குவார். ஜெயித்தது ஈஸ்ட் பெங்கால் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

அவருடைய இந்த விசித்திரமான ருசிக்குக் காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. பிரக்யாதி பெற்ற ஆட்டத்தில் அவருக்குக் கிடைக்கக்கூடிய பங்கு லட்சத்தில் ஒன்று. பாகப்பிரிவினை ஆகி ஆகி ஆளுக்கு ஒரு முழம் மிஞ்சிய பூர்வீகச் சொத்தை எந்த மிராசுதாரர் சொத்து என்று மதிப்பார்? யாரும் நினைவில் வைத்திராத ஆட்டமோ பட்டாவும் அனுபோகமும் அவர் ஒருவர் பெயரிலேயே இருக்கிற நன்செய்; அதில் எந்தப் பருவத்தில் எதை விதைத்தாலும், எவ்வளவு கண்டுமுதல் என்று சொன்னாலும், கேட்பார் கிடையாது.

அவர் ஆட்டத்தைச் சொல்லத் தொடங்குவது ஆட்டத்திலிருந்து அன்று. அன்று காலையில் வீட்டில் என்ன சமையல், ஆபீஸில் எந்த உறவினரைச் சாகடித்து அரைநாள் விடுமுறை வாங்கினார், சியாம்பஜாரில் ஏறிய டிராம் எந்த இடத்தில் மழைத்தண்ணீரில் நின்றுபோயிற்று, செருப்பின் வார் எங்கே அறுந்தது என்பன போன்ற பூர்வாங்கங்கள் எல்லாம் நிறைவேறிய பிறகுதான் ரெஃபரி விசிலை வாயில் வைப்பார். அதற்குள் சபையில் இரண்டு பேர் தூங்கியிருப்பார்கள். ஆனால் தூங்காதவர்கள் பாக்கியசாலிகள். நாலு மண்குவளைகள் எதிரியின் பின்வரிசையாகவும், பக்கத்தில் இருப்பவருடைய மூக்குக்கண்ணாடிக் கூடு கோல் கம்பமாகவும், தீப்பெட்டி பந்தாகவும் அவதாரம் எடுக்க, அவருடைய கட்டைவிரல் இடதுபக்க ஓரத்தோடு பந்தைத் தட்டிக்கொண்டு புறப்படும் காட்சியை நான் பலமுறை கண்டு களித்திருக்கிறேன். ஒருநாள் அந்தக் கட்டைவிரல் மூன்று குவளைகளை ஏமாற்றி நான்காவதை நெருங்கியபோது, அந்த நான்காவது பின்வரிசைக்காரருக்குள் இன்னும் அரைக் குவளைத் தேநீர் மிச்சமிருந்தது என்பது ஆட்ட மும்முரத்தில் அவர் கவனத்துக்கு வரவில்லை. ஓய்வுபெற்ற கோர்ட்டு குமாஸ்தா ஒருவருடைய சலவை வேட்டி அன்றைக்கு அந்த கோலுக்குப் பலியாயிற்று. ஈரத்தை உதறிக்கொண்டே குமாஸ்தா, “கோல் விழுந்ததா, இல்லையா?” என்று கேட்டார். விழுந்ததாம், ஆனால் ரெஃபரி ஆஃப்சைடு கொடுத்துவிட்டாராம், ஆட்டம் பூஜ்யத்துக்குப் பூஜ்யமாம்.

இன்னொரு ரகசியமும் உண்டு. கல்கத்தா மைதானம் ராணுவத்துக்குச் சொந்தமான நிலமாகையால், அங்கே சங்கங்கள் நினைத்தபடியெல்லாம் கட்டடம் எழுப்பிவிட முடியாது. அந்தக் காலத்தில் பலகை அடுக்குகளில் இடம் கிடைக்காத ஜனங்கள் வேலிக்கு வெளியே உள்ள மேட்டில் நெருக்கியடித்து நின்று, இரு முனைகளிலும் கண்ணாடித் துண்டு பதித்த அட்டைக் குழாய்ப் பெரிஸ்கோப்பைத் தலைகளுக்கு மேலே தூக்கிப் பிடித்துத்தான் ஆட்டம் பார்ப்பார்கள். நம் பெரியவர் டிக்கெட் வாங்கி உள்ளே சென்று பார்த்த ஆட்டங்களைவிட, உள்ளங்கை அகலக் கண்ணாடியில் பார்த்த ஆட்டங்களே அதிகம் என்று துருவிக் கேட்டால் தெரியவரும்.

“அப்படியானால் தாதா, அந்த கோலையும் கண்ணாடியில்தான் பார்த்தீர்களா?” என்று நான் ஒருமுறை மரியாதையாகவே கேட்டேன்.

“ஏன் மொஷாய், கிரகணத்தைக்கூட மனுஷன் நேராகவா பார்க்கிறான்?” என்றார். அதற்குமேல் எனக்கு வாய் திறக்கத் துணிவு வரவில்லை.

அவரிடம் அகப்பட்டுக்கொள்ளும் புதியவருக்குத் தப்பும் வழி கிடையாது. அந்த ஆட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை என்றால், “இந்தக் காலத்துப் பிள்ளைகள்!” என்று ஆரம்பித்து அரைமணி நேரம் உபந்நியாசம் நடக்கும், கேள்விப்பட்டிருக்கிறேன் என்றாலோ, யார் சொன்னார்கள், அந்த ஆசாமி எந்த வருஷம் பிறந்தவன், எந்த அடுக்கில் உட்கார்ந்திருந்தான் என்று குறுக்கு விசாரணை ஆரம்பமாகிவிடும். நான் தமிழன் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கென்று தனிப் பாடம் ஒன்று வைத்திருந்தார். மதராஸ் ரெஜிமெண்டல் சென்டர் அணி 1955-இலும் 1958-இலும் டியூராண்ட் கோப்பையை வென்றது உம்முடைய ஜனங்களுக்குத் தெரியுமா என்று கேட்பார். அந்த அணியிலிருந்து கிளம்பி, பின்னால் கல்கத்தாவின் மூன்று பெரிய சங்கங்களுக்கும் கோல் காத்த பீட்டர் தங்கராஜ், ஹைதராபாத்திலே பிறந்தவர் என்பதைப் பொருட்படுத்தாமல், அவரை என்னுடைய பக்கத்து வீட்டுக்காரராகவே பாவித்து, அவர் கையில் பந்து சிக்காமல் போன சந்தர்ப்பங்களுக்கு என்னிடம் சமாதானம் கேட்பார். நானும் தங்கராஜின் சார்பில் என்னாலான வரையில் வாதாடியிருக்கிறேன்.

ஆனால் அவருடைய உண்மையான பகைவன், ஆட்டத்தை அறியாதவனும் அல்லன். மோஹன் பகான்காரனும் அல்லன். அதே ஆட்டத்தைப் பார்த்த இரண்டாவது மனிதன்தான். இந்த இரண்டாவது மனிதர் ஒருநாள் மருமகன் வீட்டுக்கு வந்த இடத்தில் எதிர்பாராத விதமாகத் திண்ணைக்கு வந்து சேர்ந்தார். ஆரியனோடு ஆடிய மழை ஆட்டம் பிரஸ்தாபத்துக்கு வந்ததும், “அடடா, நானும் அங்கே இருந்தேனே!” என்று அந்த அப்பாவி உற்சாகத்தோடு சொன்னார். வெகுகாலம் ஏகாங்கியாக ஒரு ஞாபகத்தைச் சுமந்தவருக்குத் துணை கிடைத்துவிட்டது, இருவரும் கட்டித் தழுவிக்கொள்வார்கள் என்று நாங்கள் நினைத்தோம். நம் பெரியவர் முகம் கறுத்தது. “எந்தப் பக்கம் நின்றீர்கள்?” என்றார். கோட்டைப் பக்கம் என்றார் வந்தவர். “அந்தப் பக்கத்திலிருந்து எதுவும் தெரிந்திருக்காது.” வந்தவரும் லேசுப்பட்டவர் அல்லர், அன்றைக்கு மழை இடைவேளைக்குப் பிறகுதான் பெய்தது என்று ஒரு போடு போட்டார். இடைவேளைக்கு முன்பே பெய்யாவிட்டால் தம்முடைய டிராம் எப்படித் தண்ணீரில் நின்றிருக்கும் என்பது பெரியவரின் மறுக்க முடியாத வாதம். கோல் அடித்தது இடது காலா, வலது காலா என்பதில் ஆரம்பித்து, கோலே விழவில்லை, பந்து கம்பத்தில்தான் பட்டது என்பதில் வளர்ந்து, அது ஆரியனோடு அல்ல, காளிகாட்டோடு ஆடிய ஆட்டம் என்று வந்தவர் சொன்ன கட்டத்தில் குடை தரையிலிருந்து மேலே எழும்பிவிட்டது. மருமகன் ஓடிவந்து மாமனாரை அழைத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு பத்து நாள் வரையில் திண்ணையில் கால்பந்துப் பேச்சே எழவில்லை.

எதிர்த் தரப்பிலும் இந்த ஜாதி உண்டு என்பதை நியாயத்துக்காகச் சொல்ல வேண்டும். மோஹன் பகான்காரர்களில் சாமானியமானவர் 1911-ஆம் வருஷம் ஜூலை 29-ஆம் தேதியைப் பற்றிப் பேசுவார்: ஒருவர் தவிர மற்றவர்கள் வெறுங்காலோடு ஆடி ஈஸ்ட் யார்க்ஷயர் படைப்பிரிவை இரண்டுக்கு ஒன்று என்று வென்று ஷீல்டைக் கைப்பற்றியது, ஆட்டம் கண்ணுக்கு எட்டாத ஜனங்களுக்காகக் காற்றாடியில் கோல் எண்ணிக்கையை எழுதிப் பறக்கவிட்டது எல்லாம் அவர் வாயில் கரதலபாடம். நான் சொல்லும் ரகத்தைச் சேர்ந்தவரோ, “இறுதி ஆட்டத்தை விட்டுத்தள்ளுங்கள். அரையிறுதியில் மிடில்செக்ஸ் படைப்பிரிவோடு முதலில் ஒன்றுக்கு ஒன்று சமம். மறுபடியும் ஆடி மூன்றுக்குப் பூஜ்யம். அதல்லவோ ஆட்டம்!” என்பார், தாம் பிறப்பதற்கு எத்தனையோ வருஷங்களுக்கு முன் நடந்ததைத் தாமே கைதட்டிப் பார்த்தவருடைய தோரணையில். 1911-இல் ஈஸ்ட் பெங்கால் உதயமாகவே இல்லையாகையால் நம்மவருக்கு இதற்கு நேரான பதில் கிடையாது. ஆனாலும் சளைக்காமல், 1940-இல் இதே ஆரியன் ஷீல்டு இறுதி ஆட்டத்தில் மோஹன் பகானை நாலுக்கு ஒன்று என்று தோற்கடித்ததை எடுத்து வீசுவார். தங்கள் வெற்றியைவிட எதிரியின் மறக்கப்பட்ட தோல்வியைப் பேணிக் காப்பதில் இந்த ரசிகர்களுக்கு உள்ள சிரத்தை, சரித்திர ஆராய்ச்சிக்காரர்களுக்கு இருந்தால் தேசத்துக்கு எவ்வளவோ க்ஷேமம். 1953-இல் ஈஸ்ட் பெங்கால் ரஷ்யாவுக்குப் போய் மாஸ்கோவின் டார்பிடோ அணியோடு மூன்றுக்கு மூன்று சமம் செய்ததை அவர் நிமிஷக் கணக்கோடு வர்ணிப்பார். அதே யாத்திரையில் மற்ற அணிகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட பெருந்தோல்விகளைப் பற்றிக் கேட்டால் மட்டும், வயதாகிவிட்டது, ஞாபகம் தவறுகிறது என்று நெற்றியைத் தேய்த்துக்கொள்வார்.

ஈஸ்டர்ன் ரயில்வே அணிக்கு அபிமானியாக ஒருவரை மட்டும் ஒரே ஒரு தடவை சந்தித்தேன். பி.கே. பானர்ஜி ஆடிய அந்த அணி, பெரிய சங்கங்களையெல்லாம் பின்னே தள்ளி 1958-இல் கல்கத்தா லீக்கை வென்றது. அவர் எல்லாவற்றையும் மெதுவான குரலில் சொல்லிவிட்டு, மறுப்பதற்கு யாராவது இருக்கிறார்களா என்று ஏக்கத்தோடு சுற்றிலும் பார்த்தார். ஒருவரும் இல்லை.

இவ்வளவு கேலி செய்த பிறகு நம் பெரியவர் பட்சத்தில் ஒன்றைச் சொல்லாவிட்டால் எனக்குத் தோஷம் வரும். 1997-ஆம் வருஷம் ஃபெடரேஷன் கோப்பையின் அரையிறுதியில், சால்ட் லேக் மைதானத்தில் 1,31,781 பேர் பார்த்திருக்க, எதிரணிப் பயிற்சியாளர் அமல் தத்தாவின் ‘டைமண்ட்’ வியூகத்தைப் பிளந்து பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல் போட, ஈஸ்ட் பெங்கால் நாலுக்கு ஒன்று என்று மோஹன் பகானை வென்றது. அந்த எண்ணிக்கையைக் கல்கத்தாவில் பள்ளிக்கூடப் பிள்ளையும் ஒப்பிக்கும். அந்தப் பேச்சு எழும்போதெல்லாம் திண்ணையில் ஆரவாரத்துக்குக் குறைவிராது. ஒரு மாலை அந்த ஆரவாரம் அடங்கும்வரை பொறுத்திருந்து பெரியவர், “சரி, கோப்பை யாருக்குப் போயிற்று?” என்று கேட்டார். சபை ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. கைத்தொலைபேசியைத் தடவப்போன பேரனை அவர் கையமர்த்தினார். டிராம், மழை, செருப்பு எதுவும் இல்லாமல், குவளைகளையும் தொடாமல், அந்த இறுதி ஆட்டத்தை இரண்டே வாக்கியங்களில் சொல்லி முடித்தார். அதில் ஈஸ்ட் பெங்கால் தோற்றது. கோப்பையை வென்றது கோவாவின் சால்காவ்கர் அணி.