60 கிராம் புரட்சி

கியூபாவில் ரேஷன் ரொட்டி 80 கிராம் இருந்தது. 2024 செப்டம்பரில் அதை 60 கிராமாக்கினார்கள். மாவு இல்லையாம். அதே ஹவானாவில் அரசே 42 மாடி சொகுசு ஓட்டல் கட்டி முடித்தது. அதற்கு சிமென்ட் வந்தது, கண்ணாடி வந்தது, லிஃப்ட் வந்தது. அமெரிக்காவின் பொருளாதாரத் தடை மாவுக்கு மட்டும்தான் போலிருக்கிறது.

தடை பொய்யல்ல. 1962 முதல் அமெரிக்கா அந்தத் தீவின் கழுத்தை நெரிக்கிறது. 2024இல் ஐ.நா. பொதுச்சபையில் 187 நாடுகள் 'கையை எடு' என்றன. மாட்டேன் என்றவை அமெரிக்காவும் இஸ்ரேலும். 2025 ஜனவரி 14 அன்று பயங்கரவாத ஆதரவு நாடுகள் பட்டியலிலிருந்து கியூபாவை நீக்குவதாக பைடன் அரசு அறிவித்தது. 20ஆம் தேதி டிரம்ப் அதை ரத்து செய்தார். ஆறே நாளில் ஒரு நாடு திருந்தி, மறுபடி கெட்டும்விட்டது! இதற்கிடையே அதே அமெரிக்கா கியூபாவுக்கு உறைந்த கோழியும் விற்கிறது. காசு முன்னாலேயே வந்துவிட வேண்டும். கொள்கை வேறு, கோழி வேறு.

ஹவானாவின் சீர்திருத்தம் இன்னும் தமாஷ். 1968இல் பெட்டிக்கடை வரை அரசுடைமை. 2010இல் மனமிரங்கி 178 தொழில்களுக்கு அனுமதி. பட்டனுக்குத் துணி சுற்றுவது ஒன்று. பழத்தோல் உரிப்பது இன்னொன்று. 2021இல் ஒரு டாலருக்கு 24 பெசோ என்றது அரசு. 2025இல் தெருவில் 400ஐத் தாண்டியது. அதே ஆண்டு அரசு என்ன செய்தது? டாலர் மட்டுமே செல்லும் சூப்பர் மார்க்கெட்டைத் திறந்தது. சம்பளம் பெசோவில், சாமான் டாலரில்.

2025 ஜூலையில் தொழிலாளர் துறை அமைச்சர், நாட்டில் பிச்சைக்காரர்களே இல்லை, வேஷம் போட்டவர்கள்தான் என்றார். மறுநாளே பதவி போனது. வேஷக்காரர்கள் அப்படியே தெருவில் நிற்கிறார்கள்.

வழியா இல்லை? ஓட்டல் பணத்தை மின்நிலையத்தில் போடலாம். விவசாயி விளைந்ததை விற்க விடலாம். ராணுவத்தின் வணிகக் குழுமமான காயேசாவின் கணக்கைத் திறக்கலாம். எதற்கும் வாஷிங்டனின் கையெழுத்து வேண்டாம். தடையை விலக்க ஹவானாவின் கையெழுத்தும் வேண்டாம்.

செய்யமாட்டார்கள். தடை இருந்தால் அங்கே ஃப்ளோரிடாவில் குடியேறிய கியூபர்களின் ஓட்டு விழும். இங்கே ஹவானாவில் கணக்குக் கேட்பவன் துரோகியாவான். இரண்டு அரசுகளுக்கும் கட்டுப்படியாகிற ஏற்பாடு இது. செலவு மட்டும் வரிசையில் நிற்பவனுடையது.