நெடுந்தீவா, ஊர்காவற்றுறையா? குடியேற முன் கணக்குப் பார்க்கும் முறை

ஸ்காபரோவில் பென்சன் எடுத்தவுடன் ஊரோடு போய் இருந்துவிடலாம் என்று நினைக்கிறவர்கள் முதலில் செய்கிற வேலை, மடிக்கணினியில் ஒரு அட்டவணை கீறுவது. ஒரு பக்கம் நெடுந்தீவு, மறுபக்கம் ஊர்காவற்றுறை. கீழே வரிசையாக அரிசி, மீன், மின்சாரம், வாடகை. நல்ல பழக்கம்தான். இதை முறைப்படி செய்து முடிக்கச் சில யோசனைகள்.

முதற்காரியமாகப் பழைய ஒல்லாந்தர் வரைபடம் ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளவும். அதில் நெடுந்தீவுக்குப் பெயர் டெல்ஃப்ட். ஊர்காவற்றுறை இருக்கிற வேலணைத் தீவு லெய்டன். ஒல்லாந்து தேசத்தில் இந்த இரண்டு நகரங்களுக்கும் இடையில் ரயிலில் அரை மணித்தியாலம்கூடப் பிடிக்காது. எங்களுடைய லெய்டனில் இருந்து டெல்ஃப்டுக்குப் போக, வேலணைப் பக்கம் வந்து குறிகட்டுவான் பஸ்ஸைப் பிடித்து, புங்குடுதீவுப் பாலம் கடந்து, துறையில் இறங்கி, பிறகு கடலில் ஒரு மணித்தியாலம். படகு விட்டுவிட்டுப் போயிருந்தால் இந்த ஒரு மணித்தியாலம் நாளைக்கு.

அடுத்தது விலை விசாரிப்பது. கடைக்காரரிடம் போனில் கேட்டு எழுதினால் கணக்குப் பிழைக்கும். குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்று, ஒரு சீமெந்துப் பையைக் கண்ணால் தொடருங்கள். யாழ்ப்பாணத்துக் கடையில் அந்தப் பை எந்தத் தீவாருக்கும் ஒரே விலைதான். ஊர்காவற்றுறைக்கு என்றால் லொறி பண்ணைப் பாலத்தால் ஓடிவந்து உங்கள் படலையடியில் இறக்கிவிட்டுப் போகும். நெடுந்தீவுக்கு என்றால் துறையில் இறக்கக் கூலி, தோளில் தூக்கிப் படகில் வைக்கக் கூலி. "அண்ணை, சாமானுக்கு வேற காசு" என்று படகில் ஒரு குரல். நெடுந்தீவு மாவிலித்துறையில் மறுபடி ஒரு தோள், அங்கிருந்து லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம். நடுவில் ஒரு அலை தெறித்து மூலை நனைந்திருக்கும். வீட்டில் பையை வெட்டும்போது அந்த மூலை கல்லாகிக் கிடக்கும். அந்தக் கல்லுக்கும் சேர்த்துத்தான் நீங்கள் காசு கொடுத்திருக்கிறீர்கள். நெடுந்தீவு மதில்கள் சீமெந்தே படாமல் முருகைக்கல்லை அடுக்கிக் கட்டியவை. பழைய காலத்து அழகு என்று வருகிறவர்கள் படம் எடுக்கிறார்கள், எடுக்கட்டும். மாதாமாதம் வெளிவரும் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணில் நனைந்த மூலைக்கு இடமில்லை, அதைப் பார்த்து நேரத்தை வீணாக்கவேண்டாம்.

வாடகை நிரலில் இரண்டு பக்கமும் பூச்சியம் போடலாம். பூட்டிக் கிடக்கிற வீடுகளுக்குக் குறைவில்லை. "வாடகை என்ன வாடகை, விளக்கேத்திக்கொண்டு இருந்தால் காணும்" என்பார்கள். கூரையில் ஓடு மாற்ற வேண்டி வரும்போதுதான் விஷயம் தெரியும். உறுதியில் ஐந்து சகோதரங்களுக்குப் பங்கு. ஒருவர் பாரிஸ், ஒருவர் சூரிச், ஒருவர் லண்டன், மூத்தவர் கொழும்பு, மற்றவர் யாரோடும் கதைக்கிறதில்லை. ஓட்டின் விலையைவிட அந்த ஐந்தாவது ஆளின் சம்மதம் செலவு கூடியது. இந்த விஷயத்தில் இரண்டு தீவும் சமம்.

மின்சாரமும் பில்லைப் பார்த்தால் சமம். நாடு முழுவதற்கும் கட்டணம் ஒன்றுதான். ஊர்காவற்றுறைக்குக் கம்பியில் வருகிறது, நெடுந்தீவில் டீசல் எரித்து எடுக்கிறார்கள். இங்கே "வாழ்க்கைத் தரம்" என்ற நிரலில் நெடுந்தீவுக்குச் சில புள்ளிகளைக் கூட்டிப் போடவேண்டும். அந்த ஊர் பல்புக்காக இரண்டு வல்லரசுகள் முறுகியிருக்கின்றன. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சூரிய, காற்று மின்சாரம் அமைக்கும் வேலை 2021இல் ஒரு சீன நிறுவனத்துக்குப் போனது. இந்தியா முகம் சுளித்தது. அந்த வருடக் கடைசியிலேயே சீனர்கள் நிறுத்திக்கொண்டார்கள். இந்தியா 11 மில்லியன் டொலர் நன்கொடை தர, 2,230 கிலோவாற் திட்டத்துக்கு 2024 மார்ச்சில் ஒப்பந்தம் எழுதப்பட்டது. ஸ்காபரோவில் உங்கள் வீட்டுப் பல்புக்கு யார் சண்டை பிடித்தார்கள்?

தண்ணீர் விஷயத்தில் இரண்டு பக்கத்தாரும் பெருமை பேசுவார்கள், நம்பவேண்டாம். கிணற்றில் ஒரு வாளி அள்ளித் தேத்தண்ணி போட்டுக் குடித்துப் பாருங்கள். உவர் நாக்குக்குத் தெரியும். நெடுந்தீவுக் குதிரைகளைச் செலவில்லாத வாழ்க்கைக்கு உதாரணமாகச் சொல்வார்கள். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழி வந்தவை, வாடகை கொடுத்ததில்லை. கோடை முற்றினால் தண்ணீரில்லாமல் சாகிறதும் அவைதான்.

இனி அட்டவணையில் யாரும் போடாத நிரல்: இரவு இரண்டு மணிக்கு நெஞ்சு நோவு. ஊர்காவற்றுறையில் 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வண்டி தெருவால் வரும். நெடுந்தீவில் ஆஸ்பத்திரி இருக்கிறது. யாழ்ப்பாணத்துக்கு மாற்றவேண்டும் என்று டாக்குத்தர் எழுதினால், படகு வேண்டும், ஓட்டி வேண்டும், கடலும் சம்மதிக்க வேண்டும். அறுபத்தைந்து வயதில் ஊருக்குத் திரும்புகிற ஒருவர் மீன் விலைக்கு முன்னால் இதைக் கேட்கவேண்டும். நான் பார்த்தவரையில் எல்லோரும் மீன் விலையைத்தான் கேட்கிறார்கள்.

துறையில் படகுகளின் பெயரைக் கேட்கும்போது "குமுதினி" என்றால் கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள். 1985 மே 15ஆம் திகதி அந்தப் படகில் வந்த சனத்தை நடுக்கடலில் வெட்டிக் கொன்றார்கள். பெயர் இன்னும் அதுதான். அதற்கும் அட்டவணையில் நிரல் கிடையாது.

கருத்துக் கேட்கிறதென்றால் சம்பந்தம் பேசுகிற தரகரைக் கேட்கலாம். "பொடியன் நெடுந்தீவோ? படகாலையோ போய்வரவேணும்?" என்று பெண்வீட்டார் இழுக்கிற நேரத்தில் உண்மையான வாழ்க்கைத் தர அறிக்கை வெளிவருகிறது. பொடியன் கனடாவில் இருந்தால் எந்தத் தீவும் பரவாயில்லை.

என்னுடைய தீர்ப்பு: காசு குறைவாக உள்ளவருக்கு ஊர்காவற்றுறை, அவசரம் குறைவாக உள்ளவருக்கு நெடுந்தீவு. இரண்டும் நிறைய உள்ளவர் கொழும்பில் இருக்கட்டும்.

ஆனியில் நயினாதீவு அம்மன் திருவிழாவுக்கு வந்து, காற்று நல்லாய் இருக்குது என்று அந்த மயக்கத்தில் காணி விலை பேசாதேயுங்கள். கார்த்திகையில் வாருங்கள். கடலுக்குப் போகவேண்டாம் என்று வளிமண்டலவியல் திணைக்களம் அறிவிக்கிற கிழமையாகப் பார்த்து, நெடுந்தீவில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் நில்லுங்கள். திரும்பிப் போகிற விமானச் சீட்டை மட்டும் திகதி மாற்றக்கூடியதாக எடுக்கவும்.