15,000 பேருக்கு ஒரு காமெடி வேஷம்

மிசிசாகா, கனடா.

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

ஏப்ரல் பிறந்தும் இங்கே பனி விடவில்லை. அனுமந்தன்பட்டியில் இந்நேரம் மின்விசிறிக்கே வியர்க்கும். தம்பி காமெடி நடிகனாகத்தான் ஆவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறானாமே. இந்தப் பைத்தியம் நம் பக்கத்துக்குப் புதிதா? அல்லிநகரத்து பாரதிராஜாவும் பண்ணைப்புரத்து இளையராஜாவும் சினிமா ஆசையில் மெட்ராஸ் கிளம்பியவர்கள்தானே.

இதே மிசிசாகாவில் வளர்ந்த பிள்ளை மைத்ரேயி ராமகிருஷ்ணன். பெற்றோர் இலங்கையிலிருந்து அகதிகளாக வந்த தமிழர்கள். 2019-இல் நெட்ஃபிளிக்ஸ் நகைச்சுவைத் தொடர் ஒன்றுக்குக் கதாநாயகி தேவை என்று அமெரிக்க நகைச்சுவை நடிகை மிண்டி கேலிங் ட்விட்டரில் அறிவித்தார். மிண்டியின் அப்பாவும் தமிழர்தான். ‘சொக்கலிங்கம்’ வாயில் நுழையாமல் மேடை அறிவிப்பாளர்கள் திண்டாடியதில் மகள் ‘கேலிங்’ ஆகிவிட்டார்.

மைத்ரேயிக்கு அந்த அறிவிப்பைக் காட்டியவள் ஒரு தோழி. இருவரும் மைத்ரேயியின் அம்மாவின் கேமராவைத் தூக்கிக்கொண்டு பொது நூலகத்துக்குப் போனார்கள். தும்மினாலே திரும்பிப் பார்க்கும் இடம், அங்கே காமெடி நடித்துக் காணொளி எடுத்து அனுப்பினார்கள்!

போட்டிக்கு வந்தவர்கள் சுமார் 15,000 பேர். மேலும் சில காணொளிகள் கேட்டார்கள், லாஸ் ஏஞ்சலஸுக்கு அழைத்தார்கள், வேஷத்தைக் கொடுத்தார்கள். அப்போது அவருக்கு வயது 17.

காமெடி என்றால் ஹீரோ பக்கத்தில் நின்று அடி வாங்குவது என்று தம்பி நினைத்திருப்பான். இங்கே அடி வாங்குபவளே ஹீரோயின். 2020 ஏப்ரலில் வந்த ‘நெவர் ஹேவ் ஐ எவர்’ தொடரில் மைத்ரேயிதான் தேவி விஸ்வகுமார், கலிபோர்னியாவில் வளரும் தமிழ்ப் பெண். பள்ளிக் கச்சேரியில் கண்ணெதிரே அப்பா மாரடைப்பில் சரிகிறார். அதிர்ச்சியில் சில மாதம் இவள் கால்கள் செயலிழக்கின்றன. எழுந்து நடந்ததும் அம்மாவிடம் எரிந்து விழுகிறாள், ஒரு பையன் பின்னால் அலைகிறாள். அழவும் தெரிந்தால்தான் இந்த வேஷத்தில் சிரிக்க வைக்க முடியும். முகத்தைக் கோணினால் மட்டும் போதாது. இதைத் தம்பியிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

இன்னொரு கூத்து: இவள் கதைக்கு வர்ணனை சொல்லும் குரல் டென்னிஸ் வீரர் ஜான் மெக்கன்ரோவுடையது! விம்பிள்டனில் அம்பயரோடு மல்லுக்கு நின்ற மனிதரைத் தமிழ் வீட்டுச் சண்டைக்குப் பிடித்து வந்திருக்கிறார்கள். பொருத்தமான ஆள்தான்.

தொடர் 2023 ஜூனில் நான்காம் சீசனோடு முடிந்தது. யார்க் பல்கலைக்கழகத்தில் கிடைத்திருந்த நாடகப் படிப்பை மைத்ரேயி இதற்காகத் தள்ளிவைத்திருந்தார். நான்கு சீசன் நடித்தால் என்ன, “டிகிரி என்னாச்சு?” என்று கேட்கும் பெரியம்மாக்கள் கனடாவிலும் தாராளமாக இருக்கிறார்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்