பன் வேறு, கிரீம் வேறு

கிரீம் பன் விவகாரத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2024 செப்டம்பரில் கோவைக்கு வந்த நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனிடம் அன்னபூர்ணா ஓட்டல் சீனிவாசன் தன் கடைக்கஷ்டத்தைச் சொன்னார். வெறும் பன்னுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, உள்ளே கிரீமைத் தடவிவிட்டால் அப்போது 18 சதவீதம். அதனால் வாடிக்கையாளர் 'பன்னைத் தனியா கொடு, கிரீமைத் தனியா கொடு, நானே வெச்சுக்கறேன்' என்கிறாராம். கூட்டம் சிரித்தது. இரண்டே நாளில் அவர் அமைச்சரிடம் மன்னிப்புக் கேட்கும் வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. பன்னைப் பற்றிச் சந்தேகம் கேட்டதற்கு நம் நாட்டில் அதுதான் கூலி.

'நானே வெச்சுக்கறேன்' என்கிற அந்த மாதிரி வாடிக்கையாளரை நம்பி அமெரிக்காவில் ஒரு துப்பாக்கி வியாபாரமே கொழித்தது.

எனக்கு இதைச் சொன்னவர் எங்கள் ஆர்.எஸ்.புரம் காலை நடைக் கூட்டத்து மாமா ஒருவர். மகன் டெக்ஸாஸில். "பையன் ஊட்டுல உக்காந்து அவனே துப்பாக்கி பண்ணிப் போட்டானுங்க. நம்பர் கெடையாது, லைசென்ஸ் கெடையாது. சொதந்திரம்னா அதுதானுங்க!" என்றார் பூரிப்போடு. இதே மாமாதான் தன் வீட்டுக் காம்பவுண்டு ஓரம் பூ விற்ற அம்மாளை ஆக்கிரமிப்பு என்று சொல்லி மாநகராட்சிக்கு மனுப் போட்டுக் கிளப்பியவர். சுதந்திரத்துக்கும் ஓர் அளவு உண்டல்லவா.

கதை இதுதான். அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி துப்பாக்கி என்பது அதன் நடுக்கூடு. ரிசீவர் என்பார்கள். வரிசை எண் பொறிப்பது அதில்தான். குழல், ஸ்பிரிங், பிடி எல்லாம் கிரைண்டர் பெல்ட் மாதிரி வெறும் உதிரி. வியாபாரி யோசித்தான். கூட்டை முக்கால்வாசி மட்டும் செய்து, சில துளைகளைப் போடாமல் விட்டு, 'எண்பது சதவீதம்' என்று பெயர் வைத்துப் பெட்டியில் அடைத்தான். துளை இல்லை, ஆகவே துப்பாக்கி இல்லை. ஆகவே நம்பரும் இல்லை, வாங்குகிறவன் யாரென்ற கேள்வியும் இல்லை. 2021இல் மட்டும் இப்படி நம்பரில்லாத துப்பாக்கிகள் 19,000க்கு மேல் போலீஸ் கையில் சிக்கின. 2019 நவம்பரில் கலிஃபோர்னியாவின் சாகஸ் பள்ளியில் 16 வயதுப் பையன் கையில் இருந்ததும் பெட்டியில் வந்த சாமான்தான். கூடப் படித்த இரண்டு பிள்ளைகளைக் கொன்றுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டான். எண்பது சதவீதத் துப்பாக்கிக்கு எண்பது சதவீதச் சாவு என்று எந்த வக்கீலும் வாதாடவில்லை.

2022இல் அமெரிக்க அரசு, அந்தப் பெட்டியும் துப்பாக்கிதான் என்று விதியைத் திருத்தியது. உடனே வழக்கு. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி அலிட்டோ, முட்டையையும் நறுக்கிய வெங்காயத்தையும் மேசையில் வைத்தால் அது ஆம்லெட்டா என்று கேட்டார். பள்ளிக்கூடத்தில் பிணம் விழுந்த வழக்கில் சமையல் குறிப்பு! அந்தப் பெட்டியை முன்பின் பார்த்திராத ஒருவர் 21 நிமிடத்தில் துப்பாக்கியாக்கிவிட்டார் என்று 2025 மார்ச் தீர்ப்பே சொல்கிறது. நம் ஊர் கிரைண்டரில் மாவு பாதி ஆட்டி முடிந்திருக்காது. ஏழுக்கு இரண்டு என்று விதி தப்பியது. ஆம்லெட்காரர் அந்த இருவரில் ஒருவர்.

நம் சட்டம் இதில் சமர்த்து. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் துப்பாக்கியின் உறுப்பும் துப்பாக்கிதான், அதைச் செய்யும் இயந்திரமும் துப்பாக்கிதான். நல்லது, நான் இந்தக் கட்சிதான். ஆனால் அதே சட்டம் ஆயுதக் கணக்கிலிருந்து எதை விலக்குகிறது தெரியுமா? பெயர் சொல்லியே லத்தியை. வீட்டுக்கும் விவசாயத்துக்குமான சாமானாம். 2020இல் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் விடிய விடிய எந்த விவசாயத்துக்கு அடிபட்டுச் செத்தார்கள் என்று அந்த வரியை எழுதியவர்களைத்தான் கேட்க வேண்டும்.

கணபதியில் எனக்குத் தெரிந்த டர்னர் ஒருவர் இருக்கிறார். ஒற்றை லேத், பம்புசெட் ஷாஃப்ட் கடைசல். போன மாதம் நரசீபுரம் பக்கத்து விவசாயி ஒருவர் குழாய்த்துண்டோடு வந்து நின்றாராம். காட்டுப்பன்றி மக்காச்சோளத்தைச் சாய்த்துவிட்டது. பன்றிக்கும் அரசு அளவு வைத்திருக்கிறது. 2025 ஜனவரியில் சட்டப்பேரவையில் அறிவித்தார்கள்: காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் என்றால் தொடக்கூடாது, 3 வரை பிடித்துக் காட்டில் விடலாம், அதைத் தாண்டினால் வனத்துறை சுடும். பன்றிக்கு யார் டேப் பிடிப்பது என்று மட்டும் அறிவிக்கவில்லை.

"வெறும் கொழாதானுங்க தம்பி, ஒரு ஓட்டை போட்டுக் குடுங்கன்னு கெஞ்சறாருங்க" என்றார் டர்னர், சக்கைத் துணியால் துடைத்தபடி. "நான் மாட்டேன்னுட்டேனுங்க. ஏழு வருசம், இல்லீன்னா ஆயுசுக்கும் உள்ள."

அவர் சொன்னது சரி. 2019 திருத்தப்படி உரிமம் இல்லாமல் ஆயுதம் செய்தால் குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். ஆயுள் இன்னொரு இடத்திலும் வருகிறது. 2017 ஆயுத விதித் திருத்தப்படி, உற்பத்தி உரிமம் வாங்கும் கம்பெனிக்கு அது அதன் ஆயுளுக்கும் செல்லும். பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் கோவையும் ஒரு முனை. அதனால் மாமாவின் மகன் டெக்ஸாஸை விட்டு வந்து இங்கேயே கம்பெனி போடப்போகிறானாம். நடைக் கூட்டத்தில் இப்போது அதுதான் பேச்சு.

இதைச் சொன்னதும் டர்னர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்படீங்களா? ஜாப் ஆர்டர் வெளீல குடுப்பாங்களான்னு கேட்டுச் சொல்லுங்க சார். அந்தக் கொழா இன்னும் இங்கதான் கெடக்குது, சைஸ் பாத்துக்கலாம்."